கல்லில் எழுதிய பெயர்

நைல் நதிக்கரையில் பிரமிடு எழும்பிக்கொண்டிருந்த காலம். கல் இழுக்கும் கூட்டத்தில் ஹெபு என்று ஒருவன் இருந்தான். வீட்டளவு பெரிய கல்லை இழுத்து உச்சியில் ஏற்றியதும், அதில் செங்காவியால் தன் கூட்டத்தின் பெயரை எழுதிவிடுவான்: "அரசரின் தோழர்கள்."

மேற்பார்வைக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்துத் தாம்தூம் என்று குதித்தார்.

"அரசர் துயிலப்போகிற இடத்தில் கூலிக்காரன் பெயரா? அரசர் பெயரைத் தவிர இங்கே எதுவும் இருக்கக் கூடாது. சுரண்டு! இல்லாவிட்டால் உன் கூட்டத்துக்கே இன்று ரொட்டி கிடையாது."

ஹெபு உளியோடு போய்க் கல்லருகே நின்றான்.

"ஐயா, முதலில் அரசர் அல்லவா இருக்கிறார்? அவரைச் சுரண்டினால் என் தலை போய்விடுமே!"

"அவரை விட்டுவிடு, மடையா! தோழர்களை மட்டும் சுரண்டு."

ஹெபு உளியை அதிகாரியிடமே பணிவாக நீட்டினான்.

"அந்தப் புண்ணியத்தை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள், ஐயா. 'எனக்குத் தோழர்களே இல்லாமல் செய்தது யார்?' என்று நாளை அரசர் கேட்டால், உங்கள் பெயரைச் சொல்லிவிடுகிறோம்."

வடம் பிடித்தவர்கள் எல்லோரும் அதிகாரியின் கையையே பார்த்தார்கள். அது உளியை வாங்க நீளவில்லை.

"சரி, சரி, அடுத்த கல்லை ஏற்றுங்கள்" என்று முனகிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த கல் ஏறி, அந்த எழுத்தை எவர் கையும் தொடாதபடி மூடிக் காத்தது. அதிகாரியின் பெயர் என்னவென்று கேட்கிறீர்களா? அதை யாரும் எந்தக் கல்லிலும் எழுதவில்லை.