வாசலில் தொங்கிய ராஜாவின் செருப்பு

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கோடையிலும் ஆற்றில் தண்ணீர் ஓடிய நாட்களில், மருதங்கோட்டையை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் சூதுக்கட்டை உருளும் சத்தம் காதில் விழுந்துவிட்டால் பெற்ற தாயைக்கூட அவனுக்கு அடையாளம் தெரியாது.

ஊர் நடுவே ஒரு சூதாட்ட மண்டபம் இருந்தது. அங்கே ஒரு வழக்கம். ஆட்டத்தை விடமுடியாமல் தவிக்கிறவன், புத்தி தெளிந்திருக்கிற நேரமாகப் பார்த்து வந்து, தன் செருப்பைக் காவல்காரனிடம் கொடுத்து, "இனி என்னை உள்ளே விடாதே" என்று சொல்லிவிட்டுப் போகலாம். காவல்காரன் அதை வாசல் ஆணியில் தலைகீழாக மாட்டிவிடுவான். தை பிறக்கும்வரை செருப்பும் இறங்காது, ஆளும் உள்ளே போக முடியாது. எண்ணெய் வியாபாரி, மாட்டுத் தரகர், கோயில் மேளக்காரர் என்று பலபேர் செருப்பு அங்கே தொங்கியது. அவர்கள் வீட்டுப் பெண்கள் அந்த வழியாகப் போனால் கோயிலைக் கும்பிடுகிறார்களோ இல்லையோ, அந்த ஆணியைக் கும்பிடுவார்கள்.

ஒருநாள் ராஜா, ஊருக்கே சோறு போடுகிற பெரிய ஏரியைப் பணயம் வைத்துத் தோற்றான். ஜெயித்தவன் வடகரைச் சிற்றரசன். மந்திரி அழகியநம்பி நேரில் போய், காலில் விழாத குறையாகப் பேசி ஏரியை மீட்டுவந்தார். ராஜாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் காலையே மண்டபத்துக்குப் போய், காவல்காரன் மாடக்கண்ணுவிடம் தன் பொன்வார்ச் செருப்பைக் கழற்றிக் கொடுத்தான்.

"நானே வந்து கேட்டாலும் விடாதே. என்னை உள்ளே விடுகிறவன் தலை உடம்பில் இருக்காது. இது ராஜ கட்டளை."

இதில் நொந்துபோனவர் பிரதானி பூபதி. ஆட்டப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "ஆகா, என்ன கை!" என்று சொல்வதுதான் அவர் பார்த்துவந்த உத்தியோகம். ஆட்டம் நின்றபின் ராஜா எதற்கெடுத்தாலும் மந்திரியைத்தான் கூப்பிட்டான். பூபதிக்கு வயிறு எரிந்தது.

ஆடி மாதம் வடகரையான் மறுபடி வந்து மண்டபத்தில் உட்கார்ந்தான். பூபதி ராஜாவின் காதோரம் குனிந்தார்.

"உங்கள் ராஜா பயந்துவிட்டாரா என்று கேட்கிறான், மகாராஜா. என்னால் தாங்க முடியவில்லை."

அவ்வளவுதான். ராஜா விறுவிறுவென்று மண்டப வாசலில் போய் நின்றான்.

"கதவைத் திற!"

ராஜா வருவதைக் கண்டதுமே கதவைப் பூட்டிவிட்ட மாடக்கண்ணு தரையில் விழுந்து கும்பிட்டான். ஆனால் கதவை விட்டு நகரவில்லை. "மன்னிக்கணும் மவராசா. உங்க செருப்பு தொங்குது."

"மாட்டச் சொன்னவனே நான்தானடா!"

"ஆமா சாமி. அதனாலதான் திறக்க மாட்டேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ராஜாவின் முகம் சிவந்தது. "இவனைக் கட்டுங்கள். பொழுது சாய்வதற்குள் தலையை எடுங்கள்!"

மாடக்கண்ணுவின் பெண்டாட்டி இடுப்புப் பிள்ளையோடு ஓடிவந்து அலறினாள். வாள்காரன் வந்து நின்றான். மந்திரி மூச்சிரைக்க வந்து சேரும்போது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. கெஞ்சினால் ராஜாவுக்கு வெறிதான் ஏறும் என்று அவருக்குத் தெரியும்.

"சரியான தீர்ப்பு, அரசே" என்றார்.

அந்தப் பெண் மண்ணை வாரி அவர்மேல் தூற்றினாள். மந்திரி துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"ஆனால் வாசலுக்குக் காவல் வேண்டுமே. இவன் செய்தது தப்பென்று தெரிந்த பிரதானியாரே நிற்கட்டும். அவர் கையாலேயே உங்களுக்குத் திறந்துவிடட்டும். அதன்பிறகு இவனை வெட்டலாம்."

பூபதிக்குப் பூரிப்பு. காவல்காரனின் வேல்கம்பையும் சாவியையும் வாங்கிக்கொண்டு வாசலில் நிமிர்ந்து நின்றார். அப்போது மந்திரி எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"பிரதானியாரே, ராஜாவை உள்ளே விட்டால் தலை போகும். அது அவர் தெளிந்த புத்தியோடு போட்ட கட்டளை. விடாவிட்டாலும் தலை போகும். அது இப்போது போட்டது. வாள்காரன் பக்கத்திலேயே நிற்கிறான். பார்த்துச் செய்யுங்கள்."

பூட்டுக்குப் போன கை பாதியில் நின்றது.

"திற, பூபதி!"

"மகாராஜா... அந்தப் பழைய கட்டளை..."

"ரத்து செய்தேன். திற!"

சாவி பூட்டுக்குள் போனது, திரும்பவில்லை. பூபதி ராஜாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்போது ரத்து என்கிறீர்கள். உள்ளே போய் ஏரியைத் தோற்றுவிட்டு, நாளைக் காலையில் 'எவனடா கதவைத் திறந்தது' என்று கேட்பீர்களே!"

"கேட்க மாட்டேன். வாக்குத் தருகிறேன்."

"ஆட்ட வெறியில் தருகிற வாக்கை நம்பி நான் கழுத்தை நீட்ட முடியாது, மகாராஜா!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று பூபதிக்கே உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

ராஜா வாள்காரனைப் பார்த்தான், பூபதியைப் பார்த்தான். கடைசியில் மந்திரியிடம் மெதுவாகச் சொன்னான்: "என்னைப் புகழ்ந்தே வயிறு வளர்த்தவன். அவனே என் வாக்கை நம்பவில்லை."

"நம்பினவன் ஒருத்தன் இருக்கிறான், அரசே. தெளிந்த புத்தியோடு நீங்கள் சொன்ன வாக்கை, உயிர் போனாலும் போகட்டும் என்று நம்பினான். அவனைத்தான் கட்டிப் போட்டிருக்கிறோம்."

ராஜாவுக்கு உடம்பு குன்றிப்போனது. தானே குனிந்து மாடக்கண்ணுவின் கட்டை அவிழ்த்தான். தன் பட்டுச் சால்வையை எடுத்து அவன் தோளில் போட்டான். மந்திரியின் தலையில் இருந்த மண்ணைத் தன் கையால் தட்டிவிட்டான்.

"பூபதி, தை வரைக்கும் நீயும் இங்கேயே காவல் நில். உன் அளவுக்குப் பயந்து காவல் காக்க இந்த நாட்டில் ஆள் கிடைக்காது."

பிறகு மாடக்கண்ணுவிடம் கேட்டான்: "நாளைக்கே நான் மறுபடி வந்து மிரட்டினால் என்ன செய்வாய்?"

மாடக்கண்ணு கயிறு பதிந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "மறுபடி கட்டிப் போடுங்க சாமி. கதவு திறக்காது."

ராஜா சிரித்தான். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. "அப்படியே செய்" என்று சொல்லிவிட்டு, உள்ளே கட்டை உருளும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கக் கேட்க, அரண்மனையைப் பார்த்து நடந்தான்.