சுடுகாட்டில் அறைந்த முரசு

முன்னொரு காலத்தில், எந்தச் சந்தேகம் வந்தாலும் ஆட்களைக் கூட்டித் தலையை எண்ணித் தீர்ப்புச் சொல்லும் அரசர் ஒருவர் இருந்தார். அவருடைய ஒரே மகள் பூங்கோதை காய்ச்சலில் படுத்தாள். அரண்மனை வைத்தியர் மாசிலாமணிப் பண்டிதர் அவள் உடம்பில் அட்டைகளை விட்டு இரத்தம் இறக்கினார். ஒரு வாய்த் தண்ணீரும் கூடாதென்று தடுத்தார். பெண் வாடிக்கொண்டே போனாள்.

"அரசே, இந்த வைத்தியம் காய்ச்சலை விரட்டுகிறதா, பிள்ளையை விரட்டுகிறதா?" என்று விகடன் நல்லணன் சபையிலேயே கேட்டுவிட்டான்.

அவன்மேல் பண்டிதருக்கு வெகுநாள் பொறாமை. "வைத்தியத்தால் பிழைத்தவரையும் உடம்பு கெட்டவரையும் அழைத்து எண்ணுங்கள் அரசே. பிழைத்தவர் அதிகமென்றால் இவன் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார்.

எண்ணுவதென்றால் அரசருக்குக் கொள்ளை ஆசை. "நல்லணா, வைத்தியம் பார்த்துக்கொண்டவர் ஒருவர் விடாமல் நீயே முரசறைந்து அழைத்து வா!"

மறுநாள் சபையின் வலப்பக்கம் பிழைத்தவர்களால் நிரம்பி வழிந்தது. இடப்பக்கம் ஈ காக்கை இல்லை. பண்டிதர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"கெட்டவர்களை அழைத்தாயா?" என்றார் அரசர்.

"அழைத்தேன் அரசே. சுடுகாட்டில் நின்று முரசறைந்து தொண்டை வறளக் கூவினேன். ஒருவரும் எழுந்து வரவில்லை."

சபை கொல்லென்று சிரித்தது. அரசரும் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். அட்டை வைத்தியத்தில் போய்ச்சேர்ந்த தம் தம்பியின் முகம் நினைவுக்கு வந்தது.

"வைத்தியர்கள் அத்தனை பேரும் இன்றே நாட்டைவிட்டு வெளியேறுங்கள்!" என்று கர்ஜித்தார்.

"பொறுங்கள் அரசே." நல்லணன் வேட்டியை முழங்கால்வரை தூக்கினான். "மரத்திலிருந்து விழுந்து முறிந்த கால் இது. கட்டுப்போட்டு நடக்கவைத்தவர் இதே பண்டிதர். எந்த வைத்தியம் காப்பாற்றியது என்று வந்தவர்களையே கேளுங்கள்."

கேட்டார்கள். எலும்புக் கட்டு என்றார்கள் பலர்; புண்ணைக் கழுவிப் பச்சிலை வைத்தது என்றார்கள் சிலர். அட்டை வைத்தியத்துக்குத் தப்பியவர் மிகச் சிலரே. அவர்களும் தலையைச் சொறிந்துகொண்டு, "பண்டிதருக்குத் தெரியாமல் கஞ்சி குடித்தோம் சாமி" என்றார்கள்.

பண்டிதர் முன்னால் வந்து கைகூப்பினார். "ஆசான் சொன்னதைச் செய்தேன் அரசே. செத்தவர்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை." அவரே விரைந்துபோய் அட்டைகளை எடுத்துவிட்டு, பூங்கோதைக்குத் தண்ணீரும் கஞ்சியும் ஊட்டச் சொன்னார்.

சில நாளில் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்ததும் பூங்கோதை, "உப்பும் மிளகாயும் தடவின மாங்காய் வேணும்" என்றாள். பத்தியம் என்று சொல்ல வாயெடுத்த பண்டிதர், நல்லணனைப் பார்த்தார்.

"கொஞ்சமாய்க் கொடுக்கட்டுமா? நீ என்னப்பா சொல்கிறாய்?"

"என்னைக் கேட்டால் இரண்டாய்க் கொடுங்கள் சாமி. எனக்கும் நாக்கு ஊறுகிறது."

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி நல்லணன் கழுத்தில் போட்டார்.