நொருவா

முன்னொரு காலத்தில் நெடுவயல் நாட்டைத் திருமேனிராயர் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். நாடு செழிப்பு, படை பெரிது, கருவூலம் நிறைவு. ஆனால் அவர் சாப்பிட உட்காரும் கோலத்தைப் பார்த்தால் பகைவனுக்கும் பாவமாக இருக்கும். நீளமான கூடம், நடுவில் ஒரே ஒரு இலை. சுற்றிலும் வாயில் துணி கட்டிய பரிசாரகர்கள். அரசர் உண்ணும்போது யாரும் பேசக் கூடாது. அவர் கையை லேசாக உயர்த்தினால் இலையை எடுத்துவிட வேண்டும். அரசரைப் பார்த்து இதைச் செய், அதைச் செய் என்று எவன் சொன்னாலும் நாடு கடத்தல். எல்லாம் அவர் தாத்தா மரியாதைக்காகப் போட்ட சட்டங்கள். மரியாதைக்குக் குறைவில்லை. மனிதர்தான் தனியாகிப் போனார்.

ஒருநாள் அவர் சபையில், "எனக்கு நொருவா வேண்டும்" என்றார்.

சபையினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அது ஒரு பண்டமாம். அரசர் சின்னக் குழந்தையாக இருந்தபோது அவருடைய தாய், அந்தப்புரக் கதவைச் சாத்திக்கொண்டு, தாதிகளைக்கூட அண்டவிடாமல், தன் கையால் ஊட்டிய பண்டம். அவருக்கு மூன்று வயது முடிவதற்குள் தாய் காய்ச்சலில் போய்விட்டாள். முகம் நினைவில்லை, குரலும் இல்லை. மிஞ்சியது அந்த ஒரு சொல்லும் நாக்கில் ஒட்டிய கொஞ்சம் ருசியும்தான். "அதைத் தின்றால் அவள் முகம் ஞாபகத்துக்கு வரும் என்று தோன்றுகிறது" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டவர்போல மீசையைத் தடவிக்கொண்டார்.

சமையற்காரர்கள் பாடு திண்டாட்டமானது. கொழுக்கட்டை வந்தது, பாயசம் வந்தது, பேர் தெரியாத பொரியல்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் அரசர் கையை உயர்த்தினார். வேறு சாப்பாட்டையும் சரியாகத் தொடவில்லை. தோள்வளை முழங்கைக்கு நழுவுகிற அளவுக்கு இளைத்துவிட்டார்.

ஆஸ்தானப் பண்டிதர் ஏகாம்பரத்துக்கு வெகுநாளாக அமைச்சர் பதவிமேல் ஒரு கண். இதுதான் சமயம் என்று, நொருவா என்பது வடதேசத்துப் பலகாரம், பழைய சுவடியில் பார்த்திருக்கிறேன் என்று அளந்துவிட்டார். அதற்கு ஒரு செய்யுளையும் அங்கேயே கட்டிச் சொன்னார். பாதாம், குங்குமப்பூ, நெய், மேலே தங்க ரேக்கு. அரசர் ஆசையாக ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். பிறகு கையை உயர்த்தினார். பண்டிதரே முந்திக்கொண்டு இலையை எடுக்கச் சைகை காட்டினார்.

"இது அல்வா, பண்டிதரே" என்றார் அரசர்.

அசடு வழிந்த பண்டிதர் சும்மா இருக்கவில்லை. அமைச்சர் பூவராகர் பெரிய கெட்டிக்காரராயிற்றே, அவர் செய்யட்டும், முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைக்கட்டும் என்று கொளுத்திப் போட்டார். அரசரும் இருந்த ஏக்கத்தில் சரி என்றுவிட்டார்.

பூவராகர் எழுந்தார். "அரசே, அது இனிக்குமா, உறைக்குமா?"

"சில நாள் இனிக்கும். சில நாள் புளிக்கும்."

"என்ன நிறம்?"

"தினம் ஒன்று."

"பசிக்கிறது என்று அழுதால் கொடுப்பார்களா?"

அரசர் யோசித்தார். "இல்லை. வயிறு நிரம்பின பிறகுதான் அது வரும். போதும் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அப்புறம்தான் நொருவா."

சபை கொல்லென்று சிரித்தது. பூவராகர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தூணைப் பார்த்துத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளை மதியம் கொண்டுவருகிறேன் என்றார்.

மறுநாள் அவர் கொண்டுவந்தது ஒரு கிண்ணம் தயிர்ச்சோறு. வேடிக்கை பார்க்கப் பண்டிதரும் கூடவே வந்துவிட்டார். அரசர் வழக்கம்போலத் தனியாக உண்டார். கையை உயர்த்தினார். இலையை எடுக்கக் குனிந்தவனைப் பூவராகர் தடுத்துவிட்டு, அரசருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, சோற்றை உருட்டி அவர் வாயருகே நீட்டினார்.

"இன்னொரு வா, ராசா."

கூடமே விறைத்துப்போனது. பண்டிதர் மட்டும் துள்ளி எழுந்து, அரசருக்கே கட்டளையா, இவரை நாடு கடத்த வேண்டும் என்று கத்தினார். அரசர் காதில் அது விழவில்லை. அந்த நாட்டிலும் நம்மைப்போல ஒரு வாய்ச் சோற்றை 'ஒரு வா' என்றுதான் சொல்வார்கள். இன்னொரு வா, இன்னொரு வா என்று அரசர் முணுமுணுத்தார். சொல்லச் சொல்ல முன்னெழுத்துகள் தேய்ந்து அது நொருவா ஆயிற்று.

"அப்படி ஒரு பண்டமே இல்லையா?"

"இல்லை அரசே. தாங்கள் போதும் என்றீர்கள். தங்கள் தாயார் போதாது என்றார்கள். அவ்வளவுதான்."

அரசர் அந்த உருண்டையை வாங்கிக்கொண்டார். மென்றபடியே அழுதார். "முகம் வரவில்லையே, பூவராகரே" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அரசர் பண்டிதர் பக்கம் திரும்பினார். "நேற்று நான் கை உயர்த்தியதும் நீர் என்ன செய்தீர்?"

"இலையை எடுக்கச் சொன்னேன், அரசே."

"அவள் போனதிலிருந்து எல்லோரும் அதைத்தான் செய்கிறீர்கள்."

பண்டிதர் தலையைத் தொங்கப்போட்டார். பழைய சட்டங்கள் அன்றே ஒழிந்தன. அரசர் தன் முத்துமாலையைப் பூவராகருக்குப் போட்டு, தினமும் வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்படி கேட்டார். சம்பளம் வாங்குகிறவன் சொன்னால் அதுவும் ஒரு சட்டமாகிவிடும் என்று அமைச்சர் மறுத்துவிட்டார்.

பண்டிதருக்குத் தண்டனை, தினமும் அரசருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது. அவர் பெண்டு பிள்ளை இல்லாதவர். வீட்டில் தானே பொங்கித் தானே தின்கிற ஆள். போதும் என்று அவர் இலையை மூடப் போனால் அரசர் குறும்பாக, "இன்னொரு வா, பண்டிதரே" என்பார். மறுக்க முடியுமா? பண்டிதர் பருத்துப்போனார். ஊரே சிரித்தது. அரசர் மட்டும் இளைத்தபடியே இருந்தார். அவரிடம் அந்த வார்த்தையைச் சொல்ல யாருமில்லை.

ஒரு மழைநாள் மதியம். அரசர் பாதியில் கையை உதறி எழுந்தார். பண்டிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தன் இலையிலிருந்தே, எச்சில் என்றும் பாராமல், ஒரு பிடி அள்ளி நீட்டினார்.

"இன்னொரு வா" என்றார் மெதுவாக.

அரசர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்து வாயைத் திறந்தார்.