உச்சிராயன் காலுக்கு எட்டாத போர்வை

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் தூங்கும்போதுகூட கிரீடத்தைக் கழற்றாத காலத்தில், செங்கழனி என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு இளவரசி கனகவல்லிக்குக் கல்யாணம் என்றதும் அரண்மனைத் தையல்காரி நீலாயிக்குத் தலைகால் புரியவில்லை. இருக்காதா பின்னே? நீலாயியின் அம்மாதான் தாயில்லாத கனகவல்லிக்கும் பால் கொடுத்து வளர்த்தவள். இரண்டு பெண்களும் ஒரே வயது, ஒரே உயரம்.

"கனகு, உன் கல்யாணத்துக்கு ஒரு ஒட்டுப் போர்வை தைக்கப்போறேன். புதுத்துணி ஒரு துண்டுகூட இருக்காது. நீ தவழ்ந்தப்போ போட்ட பாவாடை, உங்கம்மா கட்டின பட்டு, எங்கம்மா முந்தானை, எல்லாத்துலயும் ஒரு துண்டு. நீயும் மாப்பிள்ளையும் கழுத்துலேருந்து கால்வரைக்கும் போர்த்திக்கலாம்!"

தைப்பதற்கு முன்னால் அளவு வேண்டுமே. நீலாயி சாண் போட்டு அளப்பாள். அளந்த உயரத்துக்கு ஒரு நூல் வெட்டி ஆணியில் மாட்டிவைப்பாள். ராஜா நூல், மந்திரி நூல், இளவரசி நூல் என்று அரண்மனையே அவள் சுவரில் தொங்கியது.

மாப்பிள்ளையின் பெயர் உச்சிராயன். எந்த நாடு, யார் பிள்ளை என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. வந்தான், சிரித்தான், ராஜா பெண்ணைத் தருகிறேன் என்றுவிட்டார். நாமெல்லாம் கத்தரிக்காய் வாங்கினாலே நாலு தடவை திருப்பிப் பார்ப்போம். இப்படியும் ஒரு தகப்பன்!

நீலாயி மாப்பிள்ளையை அளந்தாள். ஒன்பது சாண். துண்டுகளைத் தரையில் பரப்பி, மாற்றி மாற்றி அடுக்கி, பத்துச் சாணுக்குப் போர்வை தைத்தாள். சபைக்குக் கொண்டுபோய் மாப்பிள்ளைக்குப் போர்த்திப் பார்த்தால், இரண்டு பாதமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"உன் அளவு தப்பு!" என்றார் ராஜா.

"உன் கை கோணல்!" என்றார் மந்திரி.

"போ, திரும்பத் தை!" என்றார் ராஜகுரு.

நீலாயி மறுபடி அளந்தாள். இப்போது பதினொரு சாண்! சரி, நாம்தான் தவறிவிட்டோம் போல என்று நொந்துகொண்டு, பன்னிரண்டு சாணுக்குத் தைத்துக் கொண்டுபோனாள். பாதம் மறுபடி வெளியே வந்தது.

"உன் அளவு தப்பு!"

"உன் கை கோணல்!"

"போ, திரும்பத் தை!"

போதாததற்கு ஆளாளுக்குக் குறை வேறு. மந்திரியின் அங்கி தரையில் இழுபடுகிறதாம். ராஜகுருவின் சட்டைக் கைக்குள் விரலே தெரியவில்லையாம். "எல்லாம் உன் தையல் லட்சணம்" என்றார்கள். ஏழு வயதில் ஊசி பிடித்தவளுக்கு எப்படி இருக்கும்? எனக்கே ரத்தம் கொதிக்கிறது.

நீலாயி சுவரிலிருந்து நூல்களைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனாள். மந்திரி நூலை மந்திரி தலையிலிருந்து தொங்கவிட்டாள். ஒரு சாண் நூல் தரையில் சுருண்டு கிடந்தது.

"நான் ஒண்ணும் பெருசாத் தைக்கலை. நீங்கதான் குட்டையாயிட்டீங்க!"

"நூல் நீண்டிருக்கும்" என்றார் மந்திரி. எல்லாரும் சேர்ந்தே குறைந்திருந்ததால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சிம்மாசனத்தில் ராஜாவின் கால் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதுவும் தெரியவில்லை.

மூன்றாம் முறை அளக்கப் போனபோதுதான் குட்டு உடைந்தது. நீலாயி உச்சிராயன் முதுகில் நூல் பிடித்திருந்தாள். மந்திரி கைகட்டி நின்று, "மாப்பிள்ளையின் வீரமே வீரம்!" என்றார். சொன்ன மாத்திரத்தில் உச்சிராயன் ஒரு விரல்கடை வளர்ந்தான், மந்திரி ஒரு விரல்கடை குறைந்தார். பொய்ப் புகழ்ச்சி சொல்கிறவனின் உயரத்தைப் பிடுங்கித் தின்னும் மாயக்காரன் அவன்!

"என்ன வீரம்? நேத்து தோட்டத்துல தவளையைப் பார்த்து ஓடினாரே, அதுவா?" என்று வெடித்தாள் நீலாயி.

உச்சிராயன் ஒரு விரல்கடை இறங்கினான். மந்திரி ஒரு விரல்கடை ஏறினார். மந்திரி அதைக் கவனித்தாரா? அங்கி முன்பைவிடக் குறைவாக இழுபடுகிறதே என்றுகூட அவர் யோசிக்கவில்லை.

அவர் போனதும் உச்சிராயன் குனிந்து நீலாயி காதில் சொன்னான்: "கண்டுபிடிச்சிட்டியா? யார் நம்புவாங்க? நாளைக்கு மணவறையில உன் கனகு என்னை உத்தமர்னு மூணு தடவை சொல்லுவா. மூணாவது தடவைக்கு என் உள்ளங்கையில அடங்கிடுவா. அப்புறம் அவளை மீட்க யாராலயும் முடியாது."

நீலாயி சபையிலிருந்த ராஜாவிடம் ஓடினாள். ராஜா கேட்டாரா? "உன் அளவு தப்பு" என்றார். கனகவல்லியைப் பார்க்கவே விடவில்லை. அன்று முழுக்க நீலாயி அழுதுகொண்டே பதினைந்து சாணுக்குப் போர்வையைத் தைத்து முடித்தாள். பரிசு கொண்டுவரும் சாக்கிலாவது மணவறைக்குள் நுழைய வேண்டுமே!

மறுநாள் மேளம் முழங்கியது. மாப்பிள்ளை தலை பந்தலை முட்டியது.

"சொல்லம்மா" என்றார் ராஜகுரு.

"இவர் உத்தமர்" என்றாள் கனகவல்லி. நீலாயியின் தோளுயரத்துக்கு இறங்கினாள்.

"இவர் உத்தமர்" என்றாள் மறுபடி. இடுப்புயரத்துக்கு இறங்கினாள். சபையில் அத்தனை பேருக்கும் கண் இருந்தது. அத்தனை கண்ணும் மாப்பிள்ளை மேலேயே இருந்தது. வெட்கம்கெட்ட சபை!

மூன்றாம் முறை வாய் திறப்பதற்குள் நீலாயி போர்வையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். இளவரசி நூலின் ஒரு நுனியைக் கனகவல்லியின் உச்சந்தலையில் வைத்தாள். மீதி நூல் தரையில் குவிந்தது.

"கனகு, இது உன் நூல்டி. இதுதான் உன் உசரம். எங்கே போச்சு பாதி? நான் தப்பா அளந்தேனா, நீயே சொல்லு!"

கனகவல்லி நூலைப் பார்த்தாள். நிமிர்ந்து நீலாயி முகத்தைப் பார்த்தாள். முந்தாநாள்வரை நேருக்கு நேர் இருந்த முகம், இப்போது கழுத்து வலிக்கும் உயரத்தில் இருந்தது.

"நீ எனக்கு என்னைக்குமே தப்பா அளந்ததில்லை, நீலா" என்றாள். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "அப்பா சொல்லச் சொன்னார், சொன்னேன். நீ உத்தமன் இல்லை. நேத்து உன் சிரிப்பு இனிமைன்னு நான் சொன்னதும் பொய். அதைக் கேட்டாலே எனக்குக் குலை நடுங்குது!"

சரசரவென்று அவள் உயர்ந்தாள். நூல் நேரானது.

அப்போதுதான் சபைக்கு உறைத்தது. "தேன் என்று நான் புகழ்ந்த அவன் பாட்டும் கர்ணகடூரம்" என்றார் ராஜகுரு. "தவளைக்குப் பயந்தவன்" என்றார் மந்திரி. ஆளுக்கொரு உண்மையாய்க் கக்கக் கக்க, உச்சிராயன் பத்துச் சாண் ஆனான், ஐந்து சாண் ஆனான், கடைசியில் ஒரே சாண் ஆனான். அதுதான் அவன் சொந்த உயரம். கழன்று விழுந்த தலைப்பாகைக்குள்ளிருந்து தவழ்ந்து வெளியே வந்து, தண்ணீர் போகும் தூம்பு வழியாக ஓடியே போனான்.

"நீலாயி! பொன்னா, நிலமா? கேள், தருகிறேன்!" என்றார் ராஜா. அவர் கால் மட்டும் இன்னும் அந்தரத்தில்தான் ஆடியது.

"ஒண்ணும் வேணாம், மகாராஜா. மூணு தடவை இந்தச் சபையில என் அளவு தப்புன்னீங்க. அதே சபையில அது சரின்னு சொல்லுங்க."

ராஜாவுக்கு வியர்த்தது. பொன் கொடுப்பது எவ்வளவு சுலபம்! கிரீடத்தைச் சரிசெய்தார், பிறகு சொன்னார்: "நீலாயியின் அளவு சரி. அவள் கையில் கோணல் இல்லை. கோணல் அந்தப் பயலைப் புகழ்ந்த எங்களிடம்தான்."

ராஜாவின் கால் தரையில் பதிந்தது.

அன்று சாயங்காலம் நல்ல மழை. நீலாயி பதினைந்து சாண் போர்வையைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டாள். "கல்யாணம்தான் நின்னுபோச்சே. பிரிச்சிடவா?"

"பிரிச்சுத்தான் பாரேன், கையை உடைக்கிறேன். எனக்குத்தானே தைச்சே?" என்று கனகவல்லி போர்வையை இழுத்துத் தன் மேலும் நீலாயி மேலும் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் தலையோடு காலோடு போர்த்தியும் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

கதை ஆயிற்று. கேட்டவர்கள் எழுந்து போகும் முன், அந்தக் கதவோரம் நின்று உங்கள் உயரத்தை ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டுப் போங்கள்.