யானையைக் கண்டதும் குணமான நோய்

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் புள்ளிமான் கூட்டம் ஒன்று வாழ்ந்து வந்தது. மாலையில் கூட்டம் தண்ணீர் குடிக்க இறங்கும்போது, கரைமேட்டில் ஒரு மான் காவலுக்கு நிற்கும். செந்நாய்களின் வாடை வந்தால் அது குரல் கொடுக்கும். குரல் கேட்டதும் எல்லா மான்களும் ஓடிவிட வேண்டும்.

காவல் நின்ற மான்களில் மருதி என்ற பெண்மான்தான் கெட்டிக்காரி. அவள் குரல் கொடுத்து அது பொய்யாகப் போனதே இல்லை.

இது மிடுக்கன் என்ற ஆண்மானுக்குப் பிடிக்கவில்லை. அவனுக்குப் பெரிய கொம்பு, அதைவிடப் பெரிய வாய். ஒருநாள் மருதி குரல் கொடுத்ததும் அவன் பாதையை மறித்துக்கொண்டு நின்றான். இலை அசைந்தாலே பெட்டைகளுக்குப் பயம்தான், ஒருவரும் ஓடக்கூடாது என்று அதட்டினான். கூட்டம் தயங்கியது. அந்தத் தயக்கம் செந்நாய்களுக்குப் போதுமாக இருந்தது. மருதியின் சின்ன மகள் மயிரிழையில் தப்பினாள். ஆனாலும் பின்னங்காலில் ஆழமான கடி.

மருதி நேராகக் காட்டின் தலைவரான காட்டெருமையிடம் போனாள். இவனை அடக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை என் மகள் பிழைக்கமாட்டாள் என்று முறையிட்டாள்.

சபை கூடியது. காட்டெருமை நல்லவர்தான். ஆனால் யார் மனமும் நோகாமல் தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர். அதனால் அவர் தாமே முடிவு சொல்லாமல் கரடி வைத்தியரைப் பார்த்தார்.

வைத்தியர் மிடுக்கனின் நாக்கை நீட்டச் சொன்னார். இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணை மூடி வெகுநேரம் நாடி பிடித்தார்.

"பெண் குரல் கேட்டா இவனுக்கு உடம்பெல்லாம் கொதிக்குது. புத்தி வேலை செய்யமாட்டேங்குது. இது மனநோய்தான் தலைவரே. பாவம், இவன் மேல தப்பில்லை" என்றார்.

மிடுக்கன் உடனே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான். வைத்தியர் அவனுக்குத் தினமும் தேனும், குளக்கரை இளம்புல்லும், நிழலில் ஓய்வும் எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு பத்தியமும் உண்டு. பெண் குரல் அவன் காதில் விழக்கூடாதாம். ஆகவே மருதி இனிக் காவலுக்கு நிற்கக்கூடாதாம்.

வேடிக்கையைப் பாருங்கள். நோய் அவனுக்கு, பத்தியம் இவளுக்கு!

தேன் வாசனை பரவியதும் நோயும் பரவியது. பெண்டாட்டி வாயைத் திறந்தாலே முள் சிலிர்க்கிறது என்று முள்ளம்பன்றி வந்து படுத்தது. தலை கிறுகிறுக்கிறது என்று ஆண்குரங்குகள் வந்து விழுந்தன. காட்டில் தேனடைக்குப் பஞ்சம் வந்துவிட்டது. மேட்டிலோ, காவலுக்கு நின்ற ஆண்மான் தூங்கி வழிந்தது. மருதி மகளை ஒட்டிக்கொண்டே நடந்தாள்.

அவள் மறுபடி தலைவரிடம் போனாள். இன்னொரு முறை சபையைக் கூட்டுங்கள், அதுவும் குளக்கரையிலேயே, யானைகள் தண்ணீர் குடிக்க வரும் நேரத்தில் கூட்டுங்கள் என்று பிடிவாதமாகக் கேட்டாள்.

சபை குளக்கரையில் கூடியது. மிடுக்கன் இளம்புல்லை மென்றபடி வந்தான். மருதி வாயைத் திறந்ததுதான் தாமதம், அவன் கொம்பை ஆட்டிக்கொண்டு குதித்தான்.

"பார்த்தீங்களா வைத்தியரே, இவ பேசினதும் கொதிக்குது. என்னால அடக்க முடியலை" என்று கத்தினான்.

அப்போது மரங்களை விலக்கிக்கொண்டு யானைக்கூட்டம் வந்தது. முன்னால் வந்தவள் கூட்டத்தின் தலைவி. "வழியை விடு" என்றாள் அவள்.

மிடுக்கன் குதிப்பதை நிறுத்தினான். கொம்பைத் தாழ்த்தினான். பின்பக்கமாகவே நகர்ந்து சேற்றில் போய் நின்றான்.

"வாங்க தாயே, தண்ணி தெளிவா இருக்கு. நீங்க முதல்ல குடிங்க" என்று குழைந்தான்.

மருதி வைத்தியரிடம் திரும்பினாள். "யானைத் தலைவி ஆணா, பெண்ணா?"

"பெண்தான்" என்றார் வைத்தியர்.

"அவங்க குரலைக் கேட்டு இவனுக்கு ஏன் கொதிக்கலை?"

வைத்தியர் காதைச் சொறிந்தார்.

மருதி விடவில்லை. "அந்த அத்திமரத்து மந்தியைப் பாருங்க. குட்டியைப் பறிகொடுத்த நாள்லேருந்து மனசு உடைஞ்சு கிடக்கிறா. யானை வந்தாலும் புலி வந்தாலும் அவ அழுகை நிக்கிறதில்லை. அது நோய். தேனையும் நிழலையும் அவளுக்குக் கொடுங்க. இவனோ ஆளைப் பார்த்துக் கொதிக்கிறான். தன்னை மிதிக்க முடியாத பெண்ணைப் பார்த்தா மட்டும்தான் இவனுக்கு நோய் வருது."

சபை சிரித்த சிரிப்பில் குளத்துக் கொக்குகள் பறந்துபோயின. யானைத் தலைவியும் தும்பிக்கையை உயர்த்திப் பிளிறினாள்.

கரடி நல்ல வைத்தியர். தவறை ஒப்புக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. "நாடியைப் பார்த்தேன், நடத்தையைப் பார்க்காம விட்டுட்டேன். இவனுக்கு இருக்கிறது திமிர். அதுக்கு என்கிட்ட மருந்து கிடையாது தலைவரே, உங்ககிட்டதான் இருக்கு" என்றார்.

காட்டெருமை இந்த முறை தயங்கவில்லை. மிடுக்கனுக்குத் தேனும் இளம்புல்லும் அன்றோடு நின்றன. மருதி காவலுக்கே தலைவியானாள். அவள் குரல் கொடுக்கும்போது பாதையை மறிப்பவன் யாராக இருந்தாலும் குளத்துப் பக்கமே வரக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. தேன் முழுவதும் மந்திக்குப் போனது. தீர்ப்பைக் கேட்டதும் மற்ற நோயாளிகளும் எழுந்து நடந்தார்கள். எல்லாரையும் முந்திக் குணமானது முள்ளம்பன்றிதான்.

கொஞ்ச நாளில் செந்நாய்கள் திரும்பவும் வந்தன. மேட்டிலிருந்து மருதியின் குரல் காடு அதிர எழுந்தது. அந்தக் கணமே கூட்டம் முழுவதும் பாய்ந்தது. எல்லாருக்கும் முன்னால், கொம்பு தெறிக்க ஓடியவன் மிடுக்கன்! மருதியின் மகளும் ஆறிய காலோடு ஓடையைத் தாண்டி அக்கரை சேர்ந்தாள். செந்நாய்கள் வெறும் வயிற்றோடு திரும்பின. மருதி தலைநிமிர்ந்து மேட்டிலிருந்து இறங்கி வந்தாள்.

எளியவரிடம் மட்டும் சீறி வலியவரிடம் குழைகிற வெறுப்பு நோயல்ல, திமிர். அதற்கு இரக்கம் காட்டாமல் தண்டனை கொடுப்பதே நீதி.