புல் மிஷினும் காது எட்டாத பிள்ளையும்

கூழாம்பட்டியில் எந்தப் பிள்ளைக்கும் புல் வெட்டும் மிஷினால் இன்றுவரை ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அந்தப் பெருமை இரண்டு பேரைச் சேரும். ஒருவன் ஊர்ப் பிரசிடெண்ட் அங்குராசு. இன்னொருவன் அவனுக்கு யோசனை சொல்கிற கொம்பையா. இருவரையும் நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. மறுநாள் விளையாட்டு விழா. அதற்காக டவுனிலிருந்து ஒரு மிஷின் வேனில் வந்து இறங்கியது. நாலு சக்கரம், தள்ளிக்கொண்டு போகக் கைப்பிடி, அடியில் சுற்றுகிற பிளேடு, சுண்டி இழுத்து ஸ்டார்ட் செய்ய ஒரு சின்னக் கயிறு. அதை ஓட்டத் தெரிந்தவன் ஊரிலேயே நான் ஒருவன்தான். கொடைக்கானலில் ஒரு பங்களாவில் வருஷக்கணக்காகப் புல் வெட்டியவன். விடிந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றேன்.

மிஷின் கொண்டுவந்தவர் கிளம்பும்போது சொன்னார்: "இதைச் சின்னப் பிள்ளைங்க கையில கொடுத்துராதீங்க. ஓடும்போது பிள்ளைங்க கிட்டயே வரக் கூடாது. ஒரு கிணத்துக் கயிறு நீளத்துக்காவது தள்ளி இருக்கணும். இல்லேன்னா விரல் துண்டாப் போயிரும்."

வேன் போனதும் ஊர்க்கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். வாளி உள்ளே விழுந்துவிட்டது. வாளியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே.

அப்போதுதான் கொம்பையா ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான்.

"சின்னப் பிள்ளைன்னா யாரு?"

அங்குராசு தாடையைச் சொறிந்தான்.

"எங்க அம்மா என்னையே இன்னும் சின்னப் பிள்ளைன்னுதான் சொல்லுது."

"அப்படிப் பாத்தா மிஷின் பக்கத்துல ஒருத்தரும் நிக்க முடியாது, பிரசிடெண்டே. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது என்ன பண்ணுவாங்க? வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதைத் தொடச் சொல்லுவாங்கள்ல? தொட்டா வயசு வந்துருச்சு. தொடலேன்னா சின்னப் பிள்ளை."

என்ன மூளை, என்ன மூளை என்று ஊரே வியந்தது. எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அத்தனை பேரும் காதைத் தொட்டார்கள். அத்தனை பேரும் பெரியவர்கள் ஆனார்கள். அங்குராசு தொட்டான். கொம்பையா தொட்டான். என் முறை வந்தது.

என் வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. புளிய மரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"காது எட்டலையே," என்றான் கொம்பையா.

"ஏன் எட்டலைன்னு உனக்குத் தெரியாதா? அன்னைக்கு எண்ணெய் போட்டுத் தோளைத் தப்பாத் திருப்பி விட்டவன் நீதானடா!"

"கோவிச்சுக்காத கண்ணு."

"யாருடா கண்ணு? இடது கையால தொடுறேன், பாரு."

"இடது கையால தொட்டு எந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேத்திருக்காங்க?"

அங்குராசுவைப் பார்த்தேன். "பிரசிடெண்டே, எனக்குப் பேரன் இருக்கான். அந்தா நிக்கிறான்."

"பேரன் தொட்டுட்டான், சன்னாசி மாமா. நீங்கதான் தொடலை," என்றான் அங்குராசு, உண்மையான வருத்தத்தோடு.

கிணற்றுக் கயிற்றின் ஒரு முனையில் மிஷின். மறுமுனையில் அங்கன்வாடிப் பிள்ளைகளும் நானும். எங்கள் கையில் ஆளுக்கொரு பிஸ்கட்.

புதிதாகப் பெரியவர் ஆனவர்கள் மிஷினை மொய்த்துக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்புப் பெரியவர் ஒருவர் பிளேடு எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கையை அடியில் விட்டார். நான் எழுந்து நின்று கத்தினேன்.

"டேய், அவனைத் தூக்குங்கடா! ஸ்டார்ட் ஆனா விரல் போயிரும்!"

"அதுக்குத்தானே உன்னையத் தள்ளி உக்கார வச்சிருக்கோம்," என்றான் கொம்பையா. "பிஸ்கட்டைத் தின்னு."

ஆனால் மிஷினை ஸ்டார்ட் செய்ய யாருக்கும் தெரியவில்லை. எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கும்பிட்டார்கள். அங்குராசு அதன் காதில் பேசிப் பார்த்தான். அதற்குக் காது எது என்பதில் ஒரு தகராறு வந்தது. கடைசியில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். ஆனா பிள்ளையாச்சே, கிட்ட விட முடியாதே," என்றான் அங்குராசு.

"கிட்ட எதுக்கு வரணும்?" என்றான் கொம்பையா. கிணற்றுக் கயிற்றை எடுத்து மிஷினின் சின்னக் கயிற்றோடு முடிச்சுப் போட்டான். மறுமுனையை என் இடது கையில் கொடுத்தான். "அங்க இருந்தே இழு, தம்பி."

பிள்ளைகளை விலக்கினால்தான் இழுப்பேன் என்றேன். எல்லாரும் மிஷினுக்குப் பின்னால் ஊர்வலம்போல் ஒதுங்கி நின்றார்கள். இழுத்தேன். மிஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. சக்கரம் உருண்டு என்னை நோக்கி வந்தது.

"ஐயையோ, பிள்ளை மிஷின் கிட்ட வந்துட்டான்!"

"அவன் எங்க வந்தான்? மிஷின்தான் வந்துச்சு."

"மிஷின் பிள்ளைகிட்ட வரலாமா?"

"அதைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லலையே."

வம்பு வேண்டாம் என்று அங்குராசு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கயிறு நீளத்துக்கு ஓடினான். மறுபடி இழுத்தேன். மிஷின் மறுபடி வந்தது. மறுபடி தூக்கினான். இப்படியே மைதானம் போயிற்று, ரேஷன் கடை போயிற்று, கண்மாய்க் கரை வந்துவிட்டது. சரிவில் ஒரு இழுப்பு இழுத்தேன். மிஷின் என்னைத் தாண்டிக்கொண்டு இறங்கியது. கயிற்றை விட்டுவிட்டேன். விடாமல் இருந்தால் நானும் போயிருப்பேன். பொளக் என்று ஒரு சத்தம். அப்புறம் குமிழி.

கொம்பையா தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதுக்குத்தான் சின்னப் பிள்ளை கையில கொடுக்கக் கூடாதுன்னு அவரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

"போகட்டும்," என்றான் அங்குராசு. "இனிமே எந்தப் பிள்ளைக்கும் ஆபத்து இல்லை." ஊரே கை தட்டியது.

மறுநாள் இடுப்பளவு புல்லிலேயே விளையாட்டு விழா நடந்தது. ஓட்டப் பந்தயத்தில் விசில் அடித்ததும் பிள்ளைகள் புல்லுக்குள் மறைந்தார்கள். யார் முதலில் வெளியே வந்தார்களோ அவர்களுக்குப் பரிசு. எந்தப் பக்கம் வந்தாலும் சரி.

காது எட்டாதவர்களுக்கு மட்டும் தனியாக மிட்டாய் பொறுக்கும் போட்டி. வாசலில் கூட்டிவிட்ட இடத்தில் நடத்தினார்கள். முழங்கால் தேயப் பொறுக்கியும் எனக்கு மூன்றாம் இடம்தான்.

முதலில் வந்த பொடியனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் திறமை அது. ஆனால் இரண்டாவது வந்தது கொம்பையாவின் பேத்தி. பரிசு டப்பாவை வாங்கும்போது அவள் காதில் ஓர் எறும்பு கடித்தது. வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய், இடது காதிலிருந்த எறும்பைத் தட்டிவிட்டாள். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பெரிய ஆளைக் கொண்டுவந்து சின்னப் பிள்ளைகளோடு போட்டிக்கு விட்டிருக்கிறான், அயோக்கியன். அந்த டப்பா எனக்கு வர வேண்டியது.