ஐம்பத்தொரு கிலோவின் குத்து

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. காசிமேட்டுக் கடற்கரையில் மேகலா மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். கோட்டுக்குள் ஒரு ஸ்வெட்டர். வாயில் ஓர் உருண்டை புளி. எச்சில் ஊற ஊறத் துப்பிக்கொண்டே ஓடினாள். துப்பினாலும் எடை குறையும் என்று குத்துச்சண்டைக்காரர்கள் எல்லோரும் நம்புகிறார்கள்.

ஒன்பது மணிக்குத் தேர்வுப் போட்டிக்கு எடை பார்ப்பார்கள். ஐம்பத்தொரு கிலோ பிரிவில் பெயர் கொடுத்திருந்தாள். காலையில் தராசு எண்ணூறு கிராம் கூடக் காட்டியது. அந்தப் பிரிவில் எதிராளி, அவளிடம் இரண்டு முறை தோற்ற பெண். இன்று ஒரே ஒரு சண்டை, ஜெயித்தால் மாநில அணி. பதினோரு வருஷக் கனவு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அதற்காக நேற்று மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள். மேகலா சுவரையே சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கரையின் முனையில் அவளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கும் ரோஸ்லின் மாஸ்டர் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். வயதில் மேகலாவைவிட இரண்டு வருஷம் சின்னவர். ஆனால் மாஸ்டர் மாஸ்டர்தான்.

"இன்னும் எவ்ளோ?"

"அறுநூறு இருக்கும் மாஸ்டர். நாலு நடை ஓடினா முடிஞ்சிரும்."

"தலை சுத்துதா?"

"லேசா. அதெல்லாம் பாத்தா ஆவுமா?"

மேகலா மூச்சிரைக்க நின்றாள்.

"ஐம்பத்துநாலுல இருக்காளே சஹானா, அவளுக்கு வூட்லயே சாப்பாட்டுக்கு ஒரு டாக்டரு, சதைக்கு ஒரு டாக்டரு. சுண்டு விரலு வீங்கினா பத்து நாளு ரெஸ்டு. நம்ம சனத்துக்கு அது கட்டுமா? எங்கம்மா ஜுரத்தோடயே ஐஸ் பொட்டி தூக்குச்சு. நானும் தூக்கறேன். எங்க ஒடம்பு சொன்ன பேச்சு கேக்கும். நோவு பாக்கறது வசதியான வூட்டு வேலை மாஸ்டர்."

சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது. பிறகு கேட்டாள்: "அவங்க ஒடம்பும் எங்க ஒடம்பும் ஒண்ணா, சொல்லுங்க?"

மாஸ்டர் எழுந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"குத்து."

மேகலா குத்தினாள். கை அசையவில்லை.

"இன்னொண்ணு."

பலம் கொண்ட மட்டும் குத்தினாள். மாஸ்டரின் கை அங்கேயே இருந்தது. மேகலாவின் கண்தான் இருட்டிக்கொண்டு வந்தது. மணலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இதான் ஐம்பத்தொரு கிலோ குத்து," என்றார் மாஸ்டர். பிறகு துறைமுகத்தில் நின்ற விசைப்படகுகளைக் காட்டினார். "அதுக்கு எஞ்சின் ஆயில் ஊத்துவாங்களா?"

"ஊத்தாம? நடுக்கடல்ல நின்னுடுமே."

"படகு யாருது?"

"மொதலாளியுது."

"ஒடம்பு யாருது?"

மாஸ்டர் தூக்கைத் திறந்தார். உப்புப் போட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழ், மூடியில் வறுத்த நெத்திலி.

"குடி."

"குடிச்சா ஐம்பத்தொண்ணு போச்சு மாஸ்டர்."

"போவட்டும். எடை வெக்கிற வரைக்கும் மேல் பிரிவுக்கு மாத்திக்கலாம்னு விதி இருக்கு. ஐம்பத்துநாலுல நில்லு."

"அதுல சஹானா இருக்கா. ரெண்டு வருஷமா அவளை யாரும் அடிச்சதில்ல."

"ஆமா."

மேகலாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டவிடாமல் இந்த மாஸ்டரே தட்டிவிடுகிறாரே என்று நெஞ்சு எரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று காலை ஊன்றினாள். கால் எழவில்லை. வேறு வழியில்லாமல் தூக்கை வாங்கி ஒரு வாய் குடித்தாள். அதன்பிறகு பாத்திரத்தைக் கீழே வைக்கவே இல்லை.

மத்தியானம் அரங்கம் நிரம்பி வழிந்தது. மேகலாவோடு ஐஸ் பெட்டி தூக்கும் துறைமுகத்துப் பெண்கள் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து பின்வரிசையை அடைத்துக்கொண்டார்கள். மணி அடித்ததும் சஹானாவின் நீண்ட கை வந்தது. மேகலா பார்ப்பதற்குள் மறுபடியும் வந்தது. முதல் சுற்று முழுக்க அவள் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இரண்டாம் சுற்றில் மேகலா குனிந்தாள். அந்த நீண்ட கைக்கு அடியில் புகுந்து, விலாவில் ஒன்று, வயிற்றில் ஒன்று வைத்தாள். சஹானா பின்னால் நகர்ந்தாள். இரண்டு வருஷமாக யாரும் அவளைப் பின்னால் நகர வைத்ததில்லை. பின்வரிசைப் பெண்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். மேகலாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கை சொன்ன இடத்துக்குப் போனது, கால் கேட்ட நேரத்தில் நகர்ந்தது. தன் உடம்பு இத்தனை இனிமையானது என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

மணி அடித்தது. இனி ஒரே சுற்று. மூலையில் போட்ட முக்காலியில் வந்து விழுந்தாள். மாஸ்டர் பல் கவசத்தை வாயிலிருந்து எடுத்துத் தண்ணீர் கொடுத்தார். இந்த முறை மேகலா துப்பவில்லை, விழுங்கினாள்.

"ஜெயிச்சிரலாம் போல இருக்கு மாஸ்டர். ஆனா ரெண்டு கிலோ கூட இருக்கா. ஒவ்வொரு அடியும் மூட்டை வந்து வுழற மாதிரி வுழுது. என்னைவிடக் கனமானவளை எப்பிடி மாஸ்டர் சாய்க்கறது?"

மாஸ்டர் அவள் முகத்தைத் துடைத்தார்.

"தெனம் தூக்கற ஐஸ் பொட்டியிலேருந்து, உன்னைவிடக் கனம் கம்மியானது எதுகிட்டயாச்சும் இதுவரைக்கும் மோதியிருக்கியாடி?"

மேகலா வாயைத் திறந்தாள். மாஸ்டர் பல் கவசத்தை அதில் வைத்து அழுத்தினார். மணி அடிக்குமுன்பே மேகலா எழுந்து நின்றுவிட்டாள்.